சான்றிதழ் திரையில் நிற்கும் பத்து நொடி

கும்பகோணத்தில் செகண்ட் ஷோ விட்ட பிறகு டீக்கடை வாசலில் நடக்கும் பேச்சைக் கவனித்தால், எந்தப் படமானாலும் நான்கைந்து வாக்கியங்களே சுற்றிச் சுற்றி வரும். "படம் ஒரே இருட்டு." "டயலாக்கே புரியல." "பிஜிஎம் போட்டுக் காதைக் கிழிச்சுட்டான்." "செகண்ட் ஹாஃப் லேக்கு." "நடுவுல எதையோ வெட்டிட்டாங்க மாப்ள." அதே படத்தைத் திருச்சியில் பார்த்துவிட்டு வந்தவன், "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே, சவுண்டு சும்மா பட்டையைக் கிளப்புச்சு" என்பான். சண்டை ரசனையைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். லேக், அதாவது இழுவை, என்ற ஒன்றை மட்டும் தள்ளி வையுங்கள். மற்ற நான்கு புகார்களுக்கும் காரணம் படத்தில் இருக்கலாம், ஆபரேட்டர் அறையில் இருக்கலாம், கூரையில் இருக்கலாம், நாம் உட்கார்ந்த நாற்காலியில்கூட இருக்கலாம். எது எங்கே என்று பிரித்தறியத் தெரியாவிட்டால் ஒளிப்பதிவாளரும் ஒலிக்கலவை செய்தவரும் செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்குவார்கள்.

ஃபிலிம் சுருள் இருந்த காலத்தில் இந்தக் குழப்பம் குறைவு. 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடி என்றால் 11 நிமிடம். பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்த பிரிண்ட், கடைசியில் கிராமத்துக் கீற்றுக் கொட்டகைக்கு வரும்போது மழை பெய்தமாதிரி கோடு விழுந்திருக்கும். அறுந்த இடத்தை ஒட்டும்போதெல்லாம் சில பிரேம்கள் போகும், வசனம் துள்ளும். அது பிரிண்டின் குறை என்று தரை டிக்கெட்டில் இருந்தவருக்கும் தெரியும். இப்போது எல்லா ஊருக்கும் ஒரே டிஜிட்டல் கோப்பு போகிறது. கோப்பில் கோடும் இல்லை, ஒட்டும் இல்லை. அதனால் எல்லோரும் ஒரே படத்தைப் பார்க்கிறோம் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவே விளக்கு, லென்ஸ், ஆபரேட்டர் அறைக் கண்ணாடி, திரை என்று நான்கு இருக்கின்றன. கோப்புக்கும் காதுக்கும் நடுவே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், சுவர், கூரை. ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று பார்க்கப் படம் தொடங்கும் முன்பே ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. தணிக்கைச் சான்றிதழ் பத்து நொடிபோலத் திரையில் நிற்கும். பெரும்பாலானவர்கள் அப்போது சீட் தேடிக்கொண்டிருப்பார்கள், அல்லது யு/ஏ எழுத்தைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சான்றிதழ் ஓர் அச்சுத் தாள்: வெளிர் பின்னணி, கறுப்பு எழுத்து, நான்கு பக்கமும் ஓரம். திரையைச் சோதிக்க இதைவிட நல்ல சட்டகம் முழுப் படத்திலும் கிடைக்காது.

முதலில் தாளின் நிறத்தைப் பாருங்கள். பழுப்பேறிய வேட்டிபோல மஞ்சளடித்தால் விளக்கு கிழடாகியிருக்கும், அல்லது திரை அழுக்கு. அடுத்து நடுவையும் மூலைகளையும் ஒப்பிடுங்கள். நடு பளிச்சென்றும் மூலை மங்கலாகவும் இருந்தால் விளக்கு சரியாகப் பொருத்தப்படவில்லை, அல்லது முப்பரிமாணப் படத்துக்கான, உலோகப் பூச்சுள்ள வெள்ளித்திரை போட்டிருக்கிறார்கள். பிறகு எழுத்து. நடுவில் கூர்மையாகவும் ஓரத்தில் கலங்கியும் தெரிந்தால் ஃபோகஸ். எழுத்தின் ஓரத்தில் சிவப்போ பச்சையோ மெல்லிய கோடாக நிழலாடினால், புரொஜக்டருக்குள் மூன்று நிறத்துக்கும் உள்ள மூன்று சில்லுகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை என்று பொருள். கடைசியாகத் தாளின் நான்கு ஓரமும் திரைக்குள் இருக்கிறதா? ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தால் முழுப் படமும் அப்படித்தான் ஓடப்போகிறது. நெற்றி வெட்டுப்பட்டால் ஒளிப்பதிவாளரைக் குறை சொல்லக்கூடாது.

சான்றிதழில் கால அளவும் இருக்கும். 154.32 என்றால் 154 நிமிடம் 32 நொடி. அதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இருட்டு விஷயத்துக்கு வருவோம். திரையில் வெள்ளை எவ்வளவு பிரகாசமாக விழ வேண்டும் என்பதற்கு உலகளாவிய அளவு ஒன்று உண்டு: 14 ஃபுட்-லாம்பர்ட், இன்றைய அலகில் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. இரவுக் காட்சியில் ஒரு முகத்தில் எவ்வளவு நிழல் விழலாம் என்று நிறச்சீரமைப்பு செய்பவர் முடிவு செய்வது இந்த அளவில் ஒளிரும் திரையைப் பார்த்துத்தான். அரங்கில் அது ஏழுக்கோ எட்டுக்கோ இறங்கினால் பகல் காட்சி தப்பித்துக்கொள்ளும், கண் பழகிவிடும். இரவுக் காட்சி தப்பாது. கறுப்புச் சட்டைக்கும் பின்னாலிருக்கும் சுவருக்கும் வித்தியாசம் போய், வசனம் பேசும் முகம் மட்டும் மிதக்கும்.

புரொஜக்டருக்குள் எரியும் செனான் விளக்கு ஒரு நாளில் இறப்பதில்லை, மெல்ல மங்கும். உள்ளே மின்முனை தேய்ந்து, கண்ணாடியின் உட்புறம் கறுத்து, வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். ஆபரேட்டர் ஆம்பியரைக் கூட்டி ஈடு செய்வார். அதற்கும் எல்லை உண்டு. தினம் நான்கு காட்சி, காட்சிக்கு மூன்று மணி என்றால் 12 மணி நேரம். ஆயிரம் மணி நேரம் ஓடும் விளக்கு மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும். விளக்கின் விலை சின்ன அரங்குக்குப் பெரிய செலவு, அதனால் இன்னும் ஒரு படம், இன்னும் ஒரு வாரம் என்று இழுப்பார்கள். முப்பரிமாணப் படம் ஓடிய அரங்கில் இன்னொரு சிக்கல்: லென்ஸுக்கு முன்னால் வைக்கும் துருவ வடிகட்டியை எடுக்க மறந்தால், சாதாரணப் படத்தின் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போகும். முப்பரிமாணத்துக்காகப் போட்ட வெள்ளித்திரை வேறு, நடுவில் உட்கார்ந்தவருக்கு வெளிச்சத்தை வாரி இறைத்து ஓரத்தில் உள்ளவருக்குக் கிள்ளிக் கொடுக்கும். ஒரே காட்சியில் ஒரே வரிசையில் இருந்த இரண்டு பேர் "பளிச்சுன்னு இருந்துச்சு", "இருட்டா இருந்துச்சு" என்று சொன்னால் இருவர் சொல்வதும் சரி.

விலை குறைந்த, ஒற்றைச் சில்லு புரொஜக்டர் வைத்த அரங்கில் கண்ணை வேகமாக ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓட்டிப் பாருங்கள். வெள்ளைப் பொருளின் விளிம்பில் வானவில் கீற்று பளிச்சிட்டால் உள்ளே நிறச் சக்கரம் சுழல்கிறது. தலைவலிக்கிறது என்று சிலர் சொல்வதற்கு அதுவும் காரணமாகலாம்.

இனி ஒலி. தஞ்சைப் பக்கத்து ரசிகருக்குக் காது முக்கியம். திருவையாற்றில் பந்தலுக்கு வெளியே நின்றபடியே சுருதி விலகுவதைச் சொல்லிவிடுகிற ஊர்கள் இவை. கோயில் திருவிழாவில் தவிலின் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாகக் கேட்டு வளர்ந்தவர்கள். அந்தக் காதை வைத்துக்கொண்டு "சவுண்டு சரியில்ல" என்ற இரண்டே சொல்லில் முடித்துக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. என்ன சரியில்லை என்பதை இவர்களைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

5.1 ஒலியில் திரைக்குப் பின்னால் இடம், நடு, வலம் என்று மூன்று பெட்டிகள், சுவர்களில் சரவுண்ட் வரிசைகள், தரையில் தாழ்ந்த அதிர்வொலிக்கான சப்வூஃபர். திரையில் நெருங்கிப் பார்த்தால் நுண்ணிய துளைகள் தெரியும், ஒலி அவற்றின் வழியேதான் வருகிறது. வசனம் ஏறக்குறைய முழுவதும் நடுப்பெட்டியில். பாட்டும் பின்னணி இசையும் இடம் வலம் பரவும். இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாதி நோய்க்கு நாடி பிடித்துவிடலாம்.

படத்துக்கு முன்னால் வரும் புகையிலை எச்சரிக்கைப் படம் இங்கே உதவும். புகைபிடிக்கும் காட்சி உள்ள படங்களின் தொடக்கத்திலும் இடைவேளையிலும் 30 நொடி வீதம் அது வரவேண்டும் என்று 2012 முதல் நடைமுறை. அந்தக் குரல் நமக்கு மனப்பாடம், எந்த ஊரில் எந்த அரங்கில் பார்த்தாலும் அதே குரல். ஆக, இருபது அரங்கை ஒப்பிட ஒரே உரைகல். அந்தக் குரல் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தால், 'ச', 'த', 'ஷ' ஒலிகள் மழுங்கியிருந்தால், நடுப்பெட்டியின் மேல்பகுதி போய்விட்டது என்று சந்தேகப்படலாம். அங்கே ஹாரன் வடிவில் வாயும் அதன் பின்னால் ஒலியை எழுப்பும் டிரைவர் என்ற பாகமும் இருக்கும். உள்ளே மெல்லிய சவ்வு. ஒலியை அளவுக்கு மீறி ஏற்றினால் முதலில் கிழிவது அதுதான். கீழ்ப்பகுதி ஸ்பீக்கர் நன்றாகவே ஓடும், குரல் வரும், ஆள் பேசுவது தெரியும். சொல் மட்டும் புரியாது. மெய்யெழுத்தின் கூர்மை 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது, உயிரெழுத்தின் பலம் அதற்குக் கீழே. சவ்வு கிழிந்த பெட்டியில் உயிர் கேட்கும், மெய் கேட்காது. பாட்டு வந்ததும் இடம் வலம் பெட்டிகள் வேலை செய்வதால் ஒலி திடீரெனத் தெளியும். பாட்டு தெளிவு, பேச்சு கலங்கல் என்றால் குற்றம் அரங்கில்.

சவ்வு நன்றாக இருந்தும் வசனம் கேட்காமல் போவது உண்டு. அதற்குப் பெயர் ஃபேடர். டால்பி கருவியில் 7 என்பது கலவை செய்த இடத்தில் வைத்திருந்த அளவு. அங்கே ஒவ்வொரு திரைப்பெட்டியும் 85 டெசிபலுக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். நான்குக்கு மேலே ஒவ்வொரு எண்ணுக்கும் 3.3 டெசிபல். ஏழை ஐந்தாகக் குறைத்தால் கிட்டத்தட்ட 7 டெசிபல் போகும், நான்காக்கினால் 10. பத்து டெசிபல் குறைவு என்பது காதுக்குப் பாதிச் சத்தம். அரங்குக்காரர் வேண்டுமென்றே கெடுப்பதில்லை. குழந்தையோடு வந்தவர் சத்தம் அதிகம் என்பார், பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்வார், சண்டைக்காட்சியில் ஸ்பீக்கர் போய்விடுமோ என்ற பயம் வேறு. சண்டைக்காட்சியை அளவாக வைத்து ஃபேடரை இறக்குவார். சண்டை நன்றாகவே கேட்கும். அடுத்து அம்மா மகளிடம் தணிந்த குரலில் சொல்லும் ஒற்றை வரி, ஏசியும் மின்விசிறியும் போடும் 50 டெசிபல் இரைச்சலுக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். வெளியே வந்து "அந்தப் பொண்ணு ஏன் போனான்னே சொல்லல" என்போம். சொல்லியிருப்பார்கள்.

கட்டடமும் பேசும். முப்பது மீட்டர் நீளமுள்ள பழைய கூடத்தில் முன்வரிசைக்காரருக்குத் திரையிலிருந்து நேரே வரும் ஒலி, பின்சுவரில் மோதித் திரும்பி வர இன்னும் 60 மீட்டர்போலப் பயணம் செய்ய வேண்டும். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். எனவே நொடியில் ஆறில் ஒரு பங்கு தாமதம். இருபதில் ஒரு பங்கு நொடியைத் தாண்டினாலே காது அதைத் தனி எதிரொலியாக எடுத்துக்கொள்ளும். சுவரில் திரைச்சீலையோ கண்ணாடி இழைப் பலகையோ இல்லாவிட்டால் ஒவ்வொரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் தலையில் ஏறும். கூட்டம் இருந்தால் இது குறையும், ஏனென்றால் மனித உடலும் உடுப்பும் ஒலியை உறிஞ்சும். ஞாயிறு இரவு நிரம்பிய கூடத்தில் புரிந்த வசனம் செவ்வாய் மேட்னியில் முப்பது பேரோடு பார்க்கும்போது புரியாமல் போவது இதனால்தான். அரங்கு அதே, படம் அதே, ஃபேடர்கூட அதேதான்.

"பிஜிஎம் காதைக் கிழிச்சுட்டான்" என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எங்கே உட்கார்ந்தீர்கள் என்பதுதான். சுவரை ஒட்டிய நாற்காலிக்கு மேலே சரவுண்ட் பெட்டி இருக்கும்; அவருக்கு இசை அருகிலும் வசனம் தொலைவிலும் வரும். பால்கனிக்கு அடியில் பின்வரிசையில் இருப்பவருக்கு மேல் ஒலிகள் மறைக்கப்படும். ஒலியைச் சீரமைக்க வருபவர் மைக்கை வைப்பது திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடுவை ஒட்டி. அந்த இடமே நாற்காலிக்கும் உத்தமம். இதோடு இன்னொன்று: நெஞ்சு அதிரவேண்டும் என்று ரசிகர்கள் கேட்பதால் சப்வூஃபரைத் தனியாக ஏற்றிவைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை மூடும், அது காதின் இயல்பு. அதிர்வு கூடக் கூட வசனம் மங்கும், கூடவே கூரைத் தகடும் கடகடக்கும். அந்தக் கடகடப்பை இசையமைப்பாளர் எழுதவில்லை.

கூரை என்றதும் மழை வந்துவிடுகிறது. தீபாவளிப் படங்கள் இறங்குவது வடகிழக்குப் பருவமழையின் நடுவில். நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கொட்டிவிடும். தகரக் கூரையும் மெல்லிய அட்டை உட்கூரையும் உள்ள அரங்கில் கனமழை பிடித்தால் சாதாரணப் பேச்சொலியே மூழ்கும். மௌனத்தை நம்பி எடுத்த படம் அந்த வாரத்தில் இங்கே "ஒண்ணும் புரியல" என்ற பெயரோடு போய்விடும். விநியோகத்தில் டிடி ஏரியா என்று சொல்லும் திருச்சி–தஞ்சாவூர் வட்டாரத்துக்குத் தீபாவளியும் பொங்கலும் ஒன்றல்ல. தீபாவளி நேரத்தில் சம்பா பயிர் வயலில் நிற்கும், காசு உரத்துக்கும் களையெடுப்புக்கும் போயிருக்கும். தையில் அறுவடை தொடங்கி, நெல் போட்ட பணம் கைக்கு வர மாசியும் பிறந்துவிடும். பொங்கல் படத்தை முதல் வாரத்தில் பார்த்த இளவட்டம் ஒன்று சொல்லும், அறுப்பு முடித்து மூன்றாம் வாரம் குடும்பத்தோடு போனவர் வேறொன்று சொல்வார். மூன்றாம் வாரக்காரருக்கு விசில் இல்லை, மழை இல்லை, வசனம் முழுசாகக் கேட்டிருக்கும். படத்தைப் பற்றி அவர் பேச்சை நான் கூடுதலாக நம்புவேன்.

விசில் பற்றியும் சொல்லவேண்டும். நாயகன் அறிமுகத்துக்குப் பிறகான ஓரிரு நிமிடம் முதல்நாள் கூட்டத்தில் எதுவும் கேட்காது. தேர்ந்த இயக்குநர்கள் அந்த இடத்தில் வசனமே வைக்காமல் நடையும் இசையுமாக விட்டுவிடுவார்கள். கதையின் முக்கியத் தகவலை அங்கே வைத்தவர் மாட்டிக்கொள்வார். முதல் காட்சி பார்த்துவிட்டு 'லாஜிக் இல்லை' என்று அறிவிக்குமுன், அந்த லாஜிக் விசிலுக்குள் போயிருக்குமா என்று ஒரு தடவை யோசிக்கலாம். இங்கே முதல் காட்சி காலை 9 மணிக்கு என்றான பிறகு, அதற்கு முன்பே கேரளத்திலும் வெளிநாடுகளிலும் பார்த்தவர்களின் தீர்ப்பு கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. அதைப் படித்துவிட்டு உள்ளே போனால், அவர்கள் லேக் என்ற இடத்தில் நமக்கும் கொட்டாவி வரும்.

அடுத்தது வெட்டு. டிஜிட்டல் படம் அரங்குக்கு ஹார்டு டிஸ்க்கிலோ செயற்கைக்கோள் வழியாகவோ இணையத்திலோ வரும். பூட்டிய கோப்பு. இரண்டரை மணி நேரப் படம் உச்சத் தரத்தில், நொடிக்கு 250 மெகாபிட் என்று கணக்குப் போட்டால் 280 ஜிகாபைட்டை எட்டும். திறக்க கேடிஎம் என்னும் சாவி தனியாக வரவேண்டும். அந்தச் சாவி ஒரு குறிப்பிட்ட சர்வருக்கு, குறிப்பிட்ட நாள் நேரத்துக்கு மட்டுமே பொருந்தும். பக்கத்து அரங்கின் சாவி இங்கே திறக்காது. பணப் பைசல் முடியாமல் சாவி தாமதமானால்தான் "கேடிஎம் வரல" என்று ஒன்பது மணி காட்சி பதினொன்றுக்கு நகரும்.

வெள்ளிக்கிழமை படம் நீளம் என்ற பேச்சு கிளம்பினால், சனி ஞாயிறுக்குள் பத்துப் பதினைந்து நிமிடம் குறைப்பது இப்போது சகஜம். குறைத்த பதிப்பைத் தணிக்கை வாரியத்தில் பதிவு செய்து, மறுபடி கோப்பும் சாவியும் அனுப்ப வேண்டும். ஓர் அரங்குக்குச் சனி மாலையே போய்ச் சேரும், இன்னோர் அரங்கில் திங்கள்வரை பழையது ஓடும். ஆக, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தஞ்சாவூரிலும் பட்டுக்கோட்டையிலும் வேறு வேறு நீளப் படம் ஓட வாய்ப்பு உண்டு. இங்கேதான் சான்றிதழில் குறித்த 154.32 உதவும். சான்றிதழ் மறைந்த நேரத்தையும், கடைசி எழுத்து ஓடி முடிந்த நேரத்தையும் பாருங்கள். இடைவேளையையும் அதில் வந்த விளம்பரத்தையும் கழியுங்கள். 140 தான் வருகிறது என்றால் நீங்கள் பார்த்தது குறைத்த பதிப்பு, அல்லது பெயர்ப்பட்டியல் ஓடுமுன் ஆபரேட்டர் நிறுத்தியிருக்கிறார். "அந்த தம்பி கேரக்டர் என்ன ஆச்சுன்னே தெரியல" என்ற புகாருக்கான பதில் பல நேரம் அந்தப் பதினான்கு நிமிடத்தில் கிடக்கும்.

லேக் என்ற சொல்லுக்கு அரங்கைக் குறை சொல்ல முடியாது. ஏசி நின்றுபோனால் பத்து நிமிடக் காட்சி இருபதாகத் தோன்றும் என்பது தவிர. ஆனால் அந்தச் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. பார்ப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைப் பாத்திரம் மெதுவாகக் கண்டுபிடிப்பது ஒன்று. வில்லன் யார் என்று இடைவேளைக்கு முன்பே காட்டிவிட்டு, நாயகனை நாற்பது நிமிடம் தேடவிட்டால் எவ்வளவு வேகமாக வெட்டி ஒட்டினாலும் இழுக்கும். சொன்னதையே இன்னொரு ஆள் வழியாகச் சொல்வது இரண்டாவது. நாயகனுக்கு இப்போது என்ன வேண்டும் என்று நமக்குத் தெரியாமல் போவது மூன்றாவது, இடைவேளைக்குப் பிறகான முதல் அரைமணியில் தமிழ்ப்படங்கள் அதிகம் தவறும் இடம் இது. இடைவேளையில் ஒரு பெரிய முடிச்சைப் போட்டுக் கூட்டத்தை டீக்கு அனுப்புவது நம் திரைக்கதையின் பழக்கம். முடிச்சு பெரிதாக இருந்து, திரும்பி வந்ததும் முன்கதை தொடங்கினால், கூட்டம் இன்னும் கேன்டீனிலேயே இருப்பதுபோல நெளியும். எந்த இடத்தில் நெளிந்தோம், அந்தக் காட்சி புதிதாக என்ன கொடுத்தது என்று கேட்டுப் பார்த்தால் மூன்றில் எது என்று தெரிந்துவிடும். இடைவேளையே இல்லாமல் எடுத்த பிறமொழிப் படத்தை ஆபரேட்டர் நடுவில் நிறுத்தினால் வரும் தொய்வு மட்டும் படத்தின் கணக்கில் சேராது.

பழைய படங்கள் மீண்டும் வெளியாகும்போது கண் இன்னும் கூர்மையாக இருக்கவேண்டும். நம் கறுப்பு வெள்ளைப் படங்கள் உயரத்தைப்போல 1.37 மடங்கு அகலம் கொண்டவை. தமிழில் முதல் சினிமாஸ்கோப் (மிக அகலத் திரை) படமே 1973-இல், தஞ்சைப் பெரிய கோயில் எழுப்பிய மன்னனைப் பற்றியது. அதற்கு முந்தைய எந்தத் தமிழ்ப் படமும் ஸ்கோப் திரையை இடமும் வலமும் முழுக்க நிறைத்தால், ஒன்று மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள், அல்லது இழுத்திருக்கிறார்கள். இழுத்தால் முகம் உப்பிக் காட்டிக்கொடுத்துவிடும். வெட்டினால் தெரியாது, ஆனால் இழப்பு பெரிது. 1.37-ஐ வழக்கமான அகலத்திரை அளவான 1.85 ஆக்கினால் படத்தில் 26 விழுக்காடு போகும், ஸ்கோப்புக்கு வெட்டினால் 43 விழுக்காடு.

போவது என்ன என்று பாருங்கள். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் வழுவூர். அந்த ஊர் ராமையா பிள்ளை திரைப்படங்களுக்கும் நடனம் அமைத்தவர். தலை முதல் பாதம் வரை ஆடுபவர் முழு உருவமும் சட்டகத்தில் நிற்கும்படி அன்றைக்கு நடனத்தை எடுத்தார்கள், ஏனென்றால் ஜதி பாதத்தில் இருக்கிறது. மேலும் கீழும் வெட்டிய பதிப்பில் முதலில் போவது சலங்கை கட்டிய பாதம். சத்தம் வரும், அடவு தெரியாது. இந்த ஆற்றுப்படுகையில் பிறந்து வளர்ந்த கலையைப் பெரிய திரையில் திரும்பக் காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டுக் காலை வெட்டிக் காட்டுவது பெரிய அநியாயம். பக்கங்களில் கறுப்புப் பட்டை விட்டுத் திரையிட்டால் "படம் சின்னதா தெரியுது" என்று திட்டாதீர்கள், அதுதான் சரியான திரையிடல். ஒலியும் அப்படியே. அன்றைய ஒளிவழி ஒலித்தடத்தில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் பதியாது. மறுவெளியீட்டில் நாயனத்துக்கும் தாளத்துக்கும் புதுப் பளபளப்பும் சப்வூஃபர் அதிர்வும் இருந்தால் அவை இப்போது சேர்க்கப்பட்டவை.

வீட்டில் பார்த்தவர் பேச்சுக்கும் விலாசம் வேண்டும். ஓடிடியில் வருவது சில நேரம் அரங்கில் வராத பதிப்பு. ஊமையாக்கிய சொல்லும் வெட்டிய பாட்டும் திரும்பி வந்திருக்கும். ஏ சான்றிதழ் படம் தொலைக்காட்சிக்குப் போகவேண்டுமானால் வெட்டி வேறு சான்றிதழ் வாங்கியாகவேண்டும், அது குறைந்த பதிப்பு. தொலைக்காட்சியில் இன்னொரு நுட்பமும் உண்டு. படம் நொடிக்கு 24 பிரேம், நம் ஒளிபரப்பு 25. அப்படியே ஓட்டினால் நான்கு விழுக்காடு வேகம் கூடி, 150 நிமிடப் படம் 144-இல் முடியும். ஈடுசெய்யாவிட்டால் சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். பாட்டுக்குத் தம்புரா போட்டுப் பார்ப்பவர்கள் இதை உடனே பிடித்துவிடுவார்கள்.

பெரிய டிவியில் படம் சீரியல் மாதிரி வழவழவென்று ஓடினால் அது இயக்குநர் எடுத்த விதம் அல்ல. இல்லாத பிரேம்களை டிவி தானே இட்டு நிரப்புகிறது. அமைப்பில் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிட வேண்டும். டிவியின் இரண்டு ஸ்பீக்கரில் பாட்டு அதிர்ந்து வசனம் காணாமல் போனால், பெட்டி 5.1 ஒலியை அனுப்புகிறது, நடுவைப் போடுவதற்கு இடமில்லை. ஒலி அமைப்பை ஸ்டீரியோவுக்கோ பிசிஎம்முக்கோ மாற்றினால் வசனம் திரும்பிவிடும்.

இதையெல்லாம் சேர்த்துப் பேசினால் பேச்சு எப்படி மாறும்? "டயலாக் புரியல, படம் மொக்கை" என்பதற்குப் பதிலாக: "ஞாயித்துக்கிழமை மேட்னி, இடது சுவர் ஓரம் சீட்டு. பாட்டெல்லாம் தெளிவு, பேச்சு மட்டும் மழுங்கல், புகையிலை விளம்பரத்துலயே அப்படித்தான் இருந்துச்சு. அதனால வசனத்தைப் பத்தி நான் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டாம் பாதியில வில்லன் யாருன்னு நமக்குத் தெரிஞ்ச பிறகு அரை மணி நேரம் ஹீரோ தேடிக்கிட்டே இருக்கான், அது சத்தியமா இழுவை." எதிரே நிற்பவர் இதை மறுக்கலாம், ஒப்புக்கொள்ளலாம், வேறு அரங்கில் போய்ச் சரிபார்க்கலாம்.

அரங்கிலேயே ஒரு வேலையும் செய்யலாம். இடைவேளையில் மேனேஜரிடமோ ஆபரேட்டரிடமோ போய், "அண்ணே, சவுண்டு சரியில்ல" என்றால் அவர் ஃபேடரை அரைப் புள்ளி ஏற்றுவார், நோய் அப்படியே இருக்கும். "அண்ணே, சென்டர்ல மேல் சத்தம் வரல, டயலாக் மட்டும் மழுங்குது" என்று சொல்லிப் பாருங்கள். "வலது பக்க மூலை மங்கலா இருக்கு", "3டி ஃபில்டர் லென்ஸ் முன்னாலயே இருக்கான்னு பாருங்கண்ணே" என்றும் சொல்லலாம். ஃபில்டர் என்றால் ஒரு நிமிட வேலை. நடுப்பெட்டி என்றால் காட்சி முடிந்த பிறகு, இரைச்சல் ஒலியை ஒவ்வொரு பெட்டியாக அனுப்பிவிட்டு, டார்ச்சோடு திரைக்குப் பின்னால் போய் ஹாரனில் காது வைத்துக் கேட்பார். அடிப்பெட்டியிலிருந்து கொரகொரவென்று சத்தம் வந்து, ஹாரனிலிருந்து 'ஸ்ஸ்' என்ற மேல் இரைச்சல் வராவிட்டால் சவ்வு போய்விட்டது. கம்பி கழன்றிருந்தால் அன்றே சரியாகும்; சவ்வு என்றால் புதிது வாங்கி மாற்ற வேண்டும்.